எதிரணி படித்த கவிதை

பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் பிழைப்பு ஓடாது. நடுவர் போனில் கூப்பிட்டு, நீங்கள் மாமியார் பக்கம் என்பார். சரி, மாமியார் பக்கம். அடுத்த வாரம் மருமகள் பக்கம் என்பார். போன வாரம்தானே மாமியாருக்காகக் கண் கலங்கினோம் என்று யோசிக்கிற ஆள் பேசாமல் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டியதுதான். போடி கிருபாவதி டீச்சர் அப்படியெல்லாம் யோசிக்கிறவள் இல்லை. சின்னமனூரில் மாமியாரைத் தூக்கி நிறுத்தினாள். உத்தமபாளையத்தில் அதே மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். இரண்டு ஊரிலும் நல்ல கைதட்டல். இத்தனைக்கும் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாமியார் கறுப்பா சிவப்பா என்று தெரியாமலே அந்தப் போடு போட்டாள்.

வயது முப்பத்திரண்டு. தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். அப்பா சண்முகராஜுக்குப் போடி கடைவீதியில் இரும்புக்கடை. வந்த வரன்களையெல்லாம் அவள் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். அவரும் மகள் மனம் நோகக் கூடாதென்று விட்டுக்கொண்டே வந்தார். இப்போது திருநெல்வேலியில் இருந்து அஜய்குமார் என்று ஒரு வரன். நல்ல வேலை, நல்ல குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச். குறை சொல்ல ஒரு துரும்பு கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர்கள் இவள் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. வேண்டாம் என்றால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு, அவர்களை அலைய விடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. இருந்தது ஒரு சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தின் பெயர் பாண்டியராஜன்.

பாண்டியராஜன் ஜெயமங்கலத்துக்காரன். வீட்டில் நெல் விவசாயம். இவன் தேனியில் டிராக்டர் ஷோரூமில் விற்பனைப் பிரிவு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவனைத்தான் காட்ட வேண்டும். வாரம் முழுக்க டிராக்டர் விற்பான், லீவு நாளில் பட்டிமன்றம் பேசுவான். நாலு வருஷமாகக் கிருபாவதிக்கு நிரந்தர எதிரணி. எழுந்ததும், “எதிரணி டீச்சர் சிரிச்சாங்கன்னா நான் எழுதிட்டு வந்ததெல்லாம் எனக்கே மறந்துபோகுது நடுவர் அவர்களே” என்று ஆரம்பிப்பான். கூட்டம் விசிலடிக்கும். அவளும் சிரித்துவிட்டு, மறக்கும் அளவுக்கு அவர் என்ன எழுதி வந்தார் என்று திருப்பி அடிப்பாள். கூட்டம் இன்னும் விசிலடிக்கும்.

இதில் நிஜம் எது, தொழில் எது? அதுதான் அவளுடைய சந்தேகம். எதிரணிப் பெண்ணைக் கேலி செய்வது பேச்சாளனுக்கு உப்பு மாதிரி. உப்பில்லாமல் எவன் சமைப்பான்? நடுவரின் காரில் வரும்போதும் போகும்போதும் அவன் மழை, விலை, பள்ளிக்கூடம் என்று பேசுவானே தவிர, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. மைக்கைப் பிடித்தால் வழிகிறவன், மைக் இல்லாவிட்டால் பெட்டிப்பாம்பு.

கிருபாவதிக்கு எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. யூடியூபில் அவன் மற்ற பெண்களுக்கு எதிராகப் பேசிய பட்டிமன்றங்களைத் தேடி உட்கார்ந்து பார்த்தாள். மதுரைப் பேச்சாளர் சிம்ரனிடம் அவளுடைய கைப்பையைக் கேலி செய்திருந்தான். பெரியகுளம் தலைமையாசிரியை ஒருவரிடம் அவர் கைக்கடிகாரத்தை. அப்படியானால் சிரிப்பு என்பது நமக்கு மட்டும்தான் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். மறுநாள், நம்மிடம் கைப்பையும் நன்றாக இல்லை, கடிகாரமும் கட்டுவதில்லை, வேறு எதைத்தான் அவன் சொல்வான் என்று தோன்றியது. சந்தோஷம் பிசுபிசுத்துப் போனது. முப்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு ஆராய்ச்சியா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் நடுவர் அழகுமலையின் போன் வந்தது. அழகுமலை தேனியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கார் உண்டு, கணீர் குரல் உண்டு, அதனால் நடுவர். காமயகவுண்டன்பட்டியில் திராட்சை விவசாயிகள் ஆண்டு விழா, சனிக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும், ஆகவே அணிக்கு ஒருவர் போதும் என்றார். தலைப்பு: காதலை நெஞ்சில் தைக்கும்படி சொன்னவர்கள் அக்காலக் கவிஞர்களா, இக்காலக் கவிஞர்களா? அவளுக்கு அக்காலம். பாண்டியராஜனுக்கு இக்காலம்.

குறிப்பு எடுக்க உட்கார்ந்தவளுக்குப் பட்டிமன்றம் மறந்தே போனது. கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாட்டுகள்தான். ஆனால் இந்தத் தடவை வேறொரு கேள்வியோடு படித்தாள். பாடியவன் நிஜமாகவே சொல்கிறானா?

சங்க காலத்துக் கவிஞன் காதலர் பேரைச் சொல்லவே மாட்டான். பேர் சொன்னால் அது காதல் பாட்டே இல்லை. அவன் தலைவன், இவள் தலைவி, அவ்வளவுதான். பேசுவதும் பல நேரம் அவர்கள் இல்லை. தோழி பேசுவாள், தாய் பேசுவாள், வழியில் போகிறவர்கள் பேசுவார்கள்; மீதிக்கு நண்டும் நாரையும் சாட்சி. அதற்குப் பின்னால் வந்த அடியார்களோ, ஆம்பிளைகள் தங்களைப் பெண்ணாக்கிக்கொண்டு, வளை கழன்றது, தூக்கம் போனது என்று சாமியிடம் அழுதார்கள். ஒரே ஒருத்தி தன் வாயாலேயே கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்றாள். அவள் கேட்ட மாப்பிள்ளையும் சாமி. அரண்மனைக் கவிஞர்களைக் கேட்கவே வேண்டாம். ராஜா வீதியுலா வந்தால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் மயங்கி விழுந்தார்கள் என்று பாடிப் பரிசு வாங்கிப் போனார்கள். தூது பாடியவர்கள் கிளியை அனுப்பினார்கள், மேகத்தை அனுப்பினார்கள், ஒருவர் புகையிலையைக்கூட அனுப்பியிருக்கிறார். நேரில் போனவர் யாருமில்லை.

சரி, இந்தக் காலம் எப்படி என்று எதிரணியின் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். சினிமாப் பாட்டில் மெட்டுப் போடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் இன்னொருவர். புதுக்கவிதைக்காரர்கள்தான் துணிந்து நான், நீ என்றார்கள். அதையும் ஜனங்கள் போனில் வெட்டி ஒட்டி, எழுதினவன் பேரை எடுத்துவிட்டுத் தன் ஆளுக்கு அனுப்பினார்கள். ஆக, எந்தக் காலத்திலும் காதல் இரவல் வாயில்தான் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது புதையல் எடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அடுத்த நிமிஷமே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்முகராஜ் கடையை மூடிவிட்டு வந்தவர், மேசை நிறையப் புத்தகத்தைப் பார்த்து, இத்தனை பேரா காதலித்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

“ஆமாப்பா. ஆனா ஒருத்தரும் தன் வாயால சொல்லலப்பா.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “வாயால சொன்னவுகளுக்குப் பாட்டு எதுக்கும்மா? சொல்லிட்டுப் போயிருப்பாக. அது எழுத்துல வந்திருக்காது” என்றார். பிறகு, திருநெல்வேலிக்காரர்களுக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மெதுவாக நினைவுபடுத்திவிட்டுக் குளிக்கப் போனார். அவள் கண்டுபிடித்ததை மேடையில் சொன்னால் அக்காலக் கவிஞர்களுக்கும் சேர்த்து அடி விழும். அணிக்குப் பாதகமான சங்கதி. ஆகவே குறிப்பில் எழுதாமல் மூடி வைத்தாள்.

சனிக்கிழமை காலை அழகுமலையின் கார் போடிக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டது. முன் சீட்டில் பாண்டியராஜன். தேவாரம் தாண்டி, பண்ணைப்புரம் தாண்டி, கோம்பை வரைக்கும் அழகுமலைதான் பேசினார். பாண்டியராஜன் வழக்கத்தைவிட அமைதி. தொண்டை சரியில்லையா என்று அவள் கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கு டீச்சர் என்றான்.

கல்யாண மண்டபத்தில் மேடை முழுக்கப் பன்னீர் திராட்சைக் குலையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் நடுவர், வலது பக்கம் கிருபாவதி, இடது பக்கம் பாண்டியராஜன், முன்னால் தரை வரைக்கும் துணி போர்த்திய மேசை. முதலில் அவள் எழுந்தாள். பேர் சொல்லாத காதலின் அடக்கத்தைச் சொன்னாள், மழையையும் மலையையும் வைத்தே மனசைக் காட்டிய திறமையைச் சொன்னாள். தோட்டத்து ஜனம், தலையில் துண்டோடு, வாய் பார்த்துக் கேட்டது.

அடுத்து பாண்டியராஜன். அவளுடைய சிரிப்பைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான். இக்காலக் கவிதைக்கு மலை வேண்டாம், மேகம் வேண்டாம், கண்ணால் பார்த்த ஒன்று போதும் என்றான். பிறகு மேல்பாக்கெட்டில் கையை வைத்து, எதையும் எடுக்காமல், மனப்பாடமாகச் சொன்னான்.

“செருப்பைக் கழற்றிவிட்டுப்
பேச எழுகிறாள்.
என்ன பேசினாள் என்று கேட்கிறீர்கள்.
காலையே பார்த்துக்கொண்டிருந்தவனிடம்
கேட்கிறீர்கள்.”

பின் வரிசையில் இருந்து கைதட்டல் வந்தது. கிருபாவதிக்குத் திக்கென்றது. இவளுக்குத் தெரியாத கவிதை. நன்றாக வேறு இருக்கிறது. இப்படியே விட்டால் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மறுப்புரைக்கு அவள் எழுந்தபோது உடம்பில் பத்து வருஷப் பட்டிமன்றமும் சேர்ந்து எழுந்தது.

யார் எழுதியது என்று முதலில் ஆதாரம் கேட்டாள். பேர் தெரியாது என்றான் உட்கார்ந்த இடத்தில் இருந்தே. விடுவாளா? ஊர் தெரியாத கவிஞர், பேர் தெரியாத கவிதை, காலையில் குட்மார்னிங் படத்தோடு போனில் வந்திருக்கும் என்றாள். சிரிப்பு. பெண் ஒருத்தி வாயைத் திறந்து பேசுகிறாள், இந்தப் புண்ணியவான் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் காலைப் பார்த்திருக்கிறார், எழுதினவர் செருப்புக்கடை வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள் என்றாள். மண்டபம் அதிர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிற பெண்ணை இந்தக் காலத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று கூட்டமே சத்தம் போட்டது. கடைசியாக, மூடி வைத்திருந்ததில் பாதியை எடுத்து வீசினாள்.

“எழுதுனவருக்கு நெஞ்சுல துணிச்சல் இருந்தா அந்தப் பொண்ணு முன்னாடி போய் நின்னு தன் வாயால சொல்லியிருக்கணும். ஊருக்கு நடுவுல கவிதை படிக்கிறது காதலா நடுவர் அவர்களே?”

விசில், கைதட்டல், மேசையைத் தட்டுகிற சத்தம். அழகுமலையே கைதட்டினார். அடுத்து பாண்டியராஜனுக்குக் கடைசி வாய்ப்பு இருந்தது. கடைசி வாய்ப்பில்தான் அவன் எதிராளியைத் துவைத்துக் காயப்போடுவான் என்பது தேனி வட்டாரத்துக்கே தெரியும். அவன் எழுந்து மைக் முன்னால் வந்தான். எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை, நன்றி என்று உட்கார்ந்துவிட்டான். தீர்ப்பு அக்காலக் கவிஞர்களுக்குப் போனது.

கிருபாவதிக்குத் தலைகால் புரியவில்லை. பாண்டியராஜன் வாயடைத்துத் தோற்பதாவது! பொன்னாடை போர்த்தினார்கள், ஆளுக்கொரு பெட்டி திராட்சை கொடுத்தார்கள். எல்லாரும் பந்திக்கு நகர, அவளும் எழுந்து, நாற்காலிக்கு அடியில் காலால் துழாவினாள். செருப்பைத்தான் துழாவினாள்.

துழாவிய கால் அப்படியே நின்றுவிட்டது.

சின்ன வயதில் போடி சர்ச்சில் வேதபாடம் வாசிக்கப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவாள். அந்தப் பழக்கம். எந்த ஊர் மேடையிலும் செருப்போடுதான் ஏறுவாள், ஆனால் மைக்குக்குப் போகும்போது அது தானாக நாற்காலிக்கு அடியில் தங்கிவிடும். அவளே கவனித்ததில்லை. கூட்டத்துக்கும் தெரியாது, மேசைத் துணி மறைத்துவிடும். யூடியூபிலும் தெரியாது. அது தெரிகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். எதிரணி நாற்காலி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கிருபாவதிக்கு முகமெல்லாம் எரிந்தது. செருப்புக்கடை என்றோமே. காதைக் கழற்றி வைத்தவன் என்றோமே. ஊரே சிரிக்கச் சிரிக்க, ஒரு மனுஷன் நாலு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு அதற்குப் பொன்னாடை வேறு வாங்கியிருக்கிறோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரணி சொன்னால் மறுக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் அந்த நேரத்தில் தோன்றவில்லையே!

பந்தியில் தேடினாள். அழகுமலை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பாண்டியராஜன் எங்கே என்றாள். அவர் குழம்பியிருந்தார். “பசியில்லன்னு பஸ்ஸுக்குப் போயிட்டான் டீச்சர். அதோட, ஆதாரம் இல்லாம ஒரு வரி பேசமாட்டானே அவன். இன்னைக்கு என்ன வந்துச்சு அவனுக்கு?” என்றார். அவள் கிளம்பினாள்.

பஸ் நிறுத்தம் மண்டபத்துக்குப் பக்கம்தான். பாண்டியராஜன் திராட்சைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். வரும் வழியில் அவள் என்னென்னவோ கோர்த்து வைத்திருந்தாள். முன்னுரை, மன்னிப்பு, விளக்கம். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டாள்.

“அது நீங்க எழுதுனதா?”

“அதான் தோத்துப்போச்சே டீச்சர்” என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “நடுவர் தீர்ப்பும் சொல்லிட்டாக.”

“இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. அசந்துபோன முகம். “நாலு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். ஊரு ஊராப் போயி மைக்ல சொன்னேன். ஊரே கேட்டுச்சு. நீங்க மறுப்புரைதான் சொன்னீக.”

அவளுக்கு அதற்கும் ஒரு மறுப்பு நாக்கு நுனியில் வந்தது. கடித்து விழுங்கினாள். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மைக்குக்குப் பின்னால் ஒளிந்தது அவன் மட்டுமா? யூடியூபில் சாட்சி தேடினவள் யார்? இரண்டாயிரம் வருஷத்துக் கவிஞர்களைக் கூண்டில் ஏற்றி விசாரித்தவள், தான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னாளா? சண்டைக்குப் போகிற மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. உங்களத்தான் கட்டிக்கணும்னு இருக்கு. நாளைக்கு வீட்டுல எனக்குப் பேசி முடிக்கப் போறாக. இன்னைக்கு நான் சொல்லலன்னா முடிஞ்சுபோகும்.”

கைதட்ட ஆள் இல்லை. நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காத மாதிரி புடவைத் தலைப்பைச் சரி செய்தார்கள். கம்பம் போகும் டவுன் பஸ் வந்து நின்றது. அந்தப் பெண்கள் ஏறினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, ஏறுறீங்களா இல்லையா என்றார். பாண்டியராஜன் இல்லை என்று தலையை ஆட்டினான். பஸ் போய்விட்டது.

“உங்க அப்பா நாளைக்கு எத்தன மணிக்கு வீட்டுல இருப்பாக?” என்று கேட்டான் அவன்.

அவள் நாளை வரைக்கும் காத்திருக்கத் தயாராக இல்லை. அங்கேயே நின்று போனைப் போட்டாள். சனிக்கிழமை மத்தியானம், கடையில் கம்பி இறக்கும் சத்தம் கேட்டது. அப்பா, திருநெல்வேலிக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். தான் கட்டிக்கொள்ள நினைக்கிறவர் பேர் பாண்டியராஜன் என்றாள். எதிரணியில் பேசுகிறவரா என்றார். ஆமாம் என்றாள். அவர் சர்ச்சுக்கு வருகிறவர் இல்லையே என்றார். இல்லை என்றாள். கம்பிச் சத்தம் நின்றுவிட்டது. அப்பா கடைப்பையன்களைக் கையமர்த்தியிருக்க வேண்டும்.

“நெசமாத்தான் சொல்றியாம்மா?”

மேடையில் இத்தனை வருஷம் பேசியிருக்கிறாள். யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

“நெசமாத்தாம்பா.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சந்தோஷப் பெருமூச்சு என்று சொல்ல முடியாது. “எனக்கு இது சரின்னு படலம்மா. ஆனா நீ இப்படி எதையும் கேட்டதில்ல. நாளைக்கு அவர வரச்சொல்லு. எங்கிட்ட அவர் வாயால கேக்கட்டும். அப்புறம் நான் யோசிக்கணும்” என்று போனை வைத்தார்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு வர வேண்டும் என்று அவள் பாண்டியராஜனிடம் சொன்னாள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“உங்க அப்பாகிட்ட நான் என்ன பேசட்டும்?”

“எனக்கும் தெரியல” என்றாள் கிருபாவதி. “எழுதிட்டு மட்டும் வந்துராதீக.”